பில்டு லேட் ஆகுதா? டைம் லிமிட்டை ஏத்தாதீங்க, ஒரகடம் லைனைப் பாருங்க!

ஒரு ஷிஃப்டில் 300 கார் வேண்டும். சாப்பாடு, டீ நேரம் போக 450 நிமிடம் இருக்கிறது. அப்படியென்றால் 90 விநாடிக்கு ஒரு கார் லைனை விட்டு இறங்க வேண்டும். இதற்குப் பெயர் ‘டாக்ட் டைம்’. எண்கள் உதாரணத்துக்குத்தான். ஆனால், இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், ஒரகடம் ரெனோ போன்ற ஆலைகளின் லைன் ஓடுவது இப்படியொரு கணக்கில்தான்.

அந்த கார்களுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுபவர்களுக்கும் ஒரு லைன் உண்டு. அதுதான் சிஐ, அதாவது கன்டினியூவஸ் இன்டக்ரேஷன். கோடை அனுப்பியதும் சர்வர் தானாகவே பில்டு செய்து, டெஸ்ட்களை ஓட்டிப் பார்க்கும்.

எங்கே சிக்கல்?

டெஸ்ட்கள் கூடக்கூட பில்டு நேரமும் கூடும். ஒருநாள் லிமிட்டைத் தாண்டி பாதியில் நின்றுவிடும். உடனே டீமில் இரண்டு யோசனை வரும். ஒன்று, "லிமிட்டை ஏத்திடுங்க". இன்னொன்று, "ரிலீஸ் முடியட்டும், டெஸ்ட்டை ஆஃப் பண்ணிடலாம்".

இரண்டுமே தவறு. 10 பேர் தினமும் தலா 5 முறை கோடு அனுப்ப, பில்டுக்கு 45 நிமிடம் ஆனால் ஒரே நாளில் 2,250 நிமிடம் போய்விடும். கிட்ஹப் இலவசக் கணக்கில் பிரைவேட் ரெப்போக்களுக்கு மாதம் முழுவதற்கும் கிடைப்பதே 2,000 நிமிடம்தான். காசைவிடப் பெரிய நஷ்டம், காத்திருந்து சலித்தவர்கள் ரிசல்ட்டைப் பார்க்காமலே அடுத்த வேலைக்குப் போய்விடுவது. டெஸ்ட்டை நிறுத்துவதோ, பிரேக்கைச் சோதிக்காமல் காரை அனுப்புவது மாதிரி.

லைன் என்ன செய்கிறது?

ஒரு ஸ்டேஷனில் 120 விநாடி வேலை சேர்ந்துவிட்டால், அதற்காக மொத்த லைனையும் மெதுவாக்க மாட்டார்கள். வேலையை இரண்டு ஸ்டேஷனுக்குப் பிரிப்பார்கள். சீட் போன்றவை வெளியிலேயே தயாராகி லைனுக்கு வந்து சேரும்.

பில்டிலும் இதைச் செய்யலாம். மாறாத லைப்ரரிகளை ஒவ்வொரு முறையும் டவுன்லோடு செய்யாமல் கேஷில் வைக்கலாம். டெஸ்ட்களைப் பல மெஷின்களில் ஒரே நேரத்தில் ஓட்டலாம். ஆனால், இதில் காத்திருப்பு குறையுமே தவிர, பில் குறையாது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக நிமிடம் ஓடும். மாறிய பகுதிக்கான டெஸ்ட்களை உடனே ஓட்டி, முழு டெஸ்ட்டை இரவில் வைத்துக்கொண்டால் இரண்டுமே குறையும். ஆனால், இரவில் ஃபெயில் ஆனதைக் காலையில் முதல் வேலையாகச் சரிசெய்ய வேண்டும்.

லிமிட் எதிரியா?

இல்லை. அது எச்சரிக்கை மணி. கிட்ஹப்பின் மெஷின்களில் ஒரு வேலை அதிகபட்சம் 6 மணி நேரம் ஓடலாம். எங்கோ சிக்கி நிற்கும் ஒரு டெஸ்ட், யாரும் கவனிக்காவிட்டால் அந்த 360 நிமிடத்தையும் தின்றுவிடும். வழக்கமாக 12 நிமிடம் ஆகும் வேலைக்கு 20 நிமிடம் என்று நீங்களே லிமிட் வைத்துவிடுவது நல்லது. ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ முறையை உருவாக்கிய கென்ட் பெக் சொல்லும் இலக்கு, டெஸ்ட்களோடு சேர்த்து 10 நிமிடம்.

லைனில் கோளாறு தெரிந்தால், நிறுத்தச் சொல்லும் உரிமை அங்கு நிற்கும் தொழிலாளிக்கு உண்டு என்பது டொயோட்டா பிரபலமாக்கிய வழக்கம். பில்டு நின்றால் அதுவும் அப்படி ஒரு நிறுத்தம்தான். லிமிட்டை ஏற்றி அதன் வாயை அடைப்பதைவிட, எந்த ஸ்டேஷன் தாமதம் என்று பார்ப்பதே சரி!