நெல் காய்ந்த களத்தில் கச்சேரி



இந்த வாரம் ஒரே ஒரு கடிதத்துக்குப் பக்கம் முழுவதையும் ஒதுக்கிவிட்டேன். சமையல் குறிப்பும் பின்னல் கோலமும் கேட்டிருந்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அடுத்த வாரம் அவர்கள் முறை.

கடிதம் முசிறியிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் கூட்டுக் குடும்பத்து இரண்டாவது மருமகள். மாமனார் நடத்திய ரைஸ் மில் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறதாம். பெரிய மைத்துனர் அதை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்கிறார். சின்னவர் மனை போட்டு விற்றுவிடலாம் என்கிறார். "என் வீட்டுக்காரர் வழக்கம்போல் பேப்பரை இறக்காமலே 'ம்' என்கிறார்" என்று எழுதியிருக்கிறார். அந்த 'ம்' எல்லா வீட்டிலும் கேட்கிற 'ம்'தானே!

இந்தச் சகோதரிக்கு ஆசை வேறு. குழந்தைகள் பாட்டும் பரதமும் படிக்க ஓரிடம், ஒரு நூல் நிலையம், சாயங்காலம் பெண்கள் நாலு பேர் கூடி உட்கார ஒரு திண்ணை, வருஷத்தில் சில நாள் நாடகம், கச்சேரி. "நெல் மில்லில் சங்கீதமா என்று சிரிக்கிறார்கள். நடக்கிற காரியமா, சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

நடந்த காரியம், அம்மா. அதுவும் உங்கள் ஊர்ப் பெயரிலேயே நடந்திருக்கிறது!

சங்கப் பாடல்களில் வருகிற முசிறி உங்கள் காவிரிக்கரை முசிறி அல்ல. அது சேர நாட்டுத் துறைமுகம். யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாகப் புலவர்கள் பாடிய ஊர். அந்தப் பெயரைச் சூட்டி, 2012-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி கொச்சியில் ஒரு பெரிய கலைக் காட்சியைத் தொடங்கினார்கள். கொச்சி-முசிறிஸ் பினாலே என்று பெயர். போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு ஓவியர்கள் முன்னின்று செய்தது. 2018-இல் அனிதா துபே என்ற பெண்மணி அதன் பொறுப்பை ஏற்றுக் காட்சியை அமைத்தார். இதற்காகப் புது மாளிகை எதுவும் கட்டவில்லை. கோட்டைக் கொச்சியில் கடலைப் பார்த்து நிற்கும் ஆஸ்பின்வால் ஹவுஸில் நடத்தினார்கள். 1867-இல் ஓர் ஆங்கிலேய வியாபாரி தொடங்கிய கம்பெனியின் இடம் அது. மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காயெண்ணெய், தோல், பிற்பாடு கயிறு, காப்பி, ரப்பர் என்று வரிசையாகச் சரக்கு அடுக்கிய கிடங்குகள். பக்கத்திலேயே கப்ரால் யார்டு என்று ஒரு தோட்டம். கயிற்று நூலை அழுத்திப் பொதியாகக் கட்டும் இயந்திரம் ஒரு காலத்தில் அங்கே இருந்தது. 2018-இல் அதே மண்ணில் 'கூடாரம்' என்ற தற்காலிக அரங்கத்தை எழுப்பிப் பேச்சும் பாட்டும் நடத்தினார்கள்.

ஆகவே சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உங்களுக்கு வேண்டியது தைரியம் இல்லை. அது கடிதத்திலேயே நிறைய இருக்கிறது. வேண்டியது யோசனை. ஏனென்றால் சரக்குக்காகக் கட்டிய கட்டடம் மனுஷாளுக்கு ஒத்துப்போவது சுலபமில்லை.

சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறதே, அதன் கதையைக் கேளுங்கள். 1842-இல் டியூடர் என்ற அமெரிக்கர், பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து சேமிக்கக் கட்டிய கிடங்கு அது. ஐஸுக்கு வெளிச்சமும் காற்றும் சத்துரு. ஆகவே கனத்த சுவர் வைத்தார்கள், ஜன்னலே வைக்கவில்லை. பிறகு இந்த ஊரிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டதும் டியூடர் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடத்தை வாங்கிய வக்கீல் பிலிகிரி ஐயங்கார் ஜன்னல்கள் திறந்து, வராந்தாக்கள் சேர்த்து, குடியிருக்கும்படி செய்தார். அப்படிச் செய்த வீட்டில்தான் 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். பிறகு அதே வீட்டில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைத்தார். தாமும் குழந்தைப் பருவத்திலேயே கணவரை இழந்து, 1911-இல் பட்டம் பெற்றவர் அவர். ஐஸ் உருகாமல் இருக்கக் கட்டிய சுவருக்குள், மூலையில் உட்கார வேண்டும் என்று விதிக்கப்பட்ட பெண்கள் கணக்கும் இங்கிலீஷும் படித்தார்கள். இன்று அங்கே விவேகானந்தர் கண்காட்சி இருக்கிறது.

உங்கள் மில்லிலும் முதல் வேலை இதுதான். நெல்லுக்கு என்ன தேவைப்பட்டது, பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் கை வைக்காதீர்கள். ஒத்துப்போகாத இடத்தில் மட்டும் செலவு செய்யுங்கள்.

களத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவித்த நெல்லைக் காயப் போட்ட சிமெண்டுக் களம். மழைத் தண்ணீர் நிற்காமல் வடியும்படி லேசான சரிவு வைத்திருப்பார்கள். திறந்தவெளிக் கச்சேரிக்கு இதைவிடத் தயாரான தரை வேறு கிடைக்குமா? ஆனால் பகல் முழுதும் காய்ந்த சிமெண்டு ராத்திரி எட்டு மணி வரை சுடும். நாலு மணிக்கே தண்ணீர் தெளித்துவிட்டுப் பாய் விரிக்க வேண்டும். பாய்க்கு உங்கள் ஊரில் பஞ்சமா என்ன! மேடையை மேற்கு ஓரத்தில் போட்டால் ரசிகர்கள் கண்ணில் மாலை வெயில் அடிக்கும். கிழக்கு ஓரத்தில் போட்டால் பாடுகிறவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாட வேண்டும். வடக்கு அல்லது தெற்கு ஓரம் உத்தமம். ஆடி மாதத்து மேல்காற்று உங்களுக்குத் தெரியாததல்ல. மைக்கில் பாட்டுக்குப் பதில் காற்று பாடும். அந்தப் பக்கம் ஒரு வரிசை மரம் வையுங்கள்.

உள்ளே போவோம். உயரமான கொட்டகை, மொட்டைச் சுவர், தகரம் அல்லது ஷீட் கூரை. இதில் ஒருவர் கை தட்டினால் பத்துப் பேர் தட்டியது போல் கேட்கும். ஆனால் ஒரு சொல்லும் விளங்காது. கெட்டிச் சுவரும் தகரமும் ஒலியை விழுங்காமல் திருப்பி அடிப்பதுதான் காரணம். பட்டணத்தில் இதற்கென்று விலை கூடிய பலகைகள் விற்கிறார்கள். முசிறி, தொட்டியம் பக்கத்தில் காவிரிக்கரையில் விளைகிற கோரையில் நெய்த பாயைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை இடைவெளி விட்டு மாட்டிப் பாருங்கள். பின்னால் கொஞ்சம் தென்னை நாரும் அடைத்தால் எதிரொலி இன்னும் அடங்கும். முதலில் ஒரு சுவருக்கு மட்டும் மாட்டி, ஒரு குழந்தையைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு மற்றதைச் செய்யுங்கள். ரொம்ப அடைத்தால் பாட்டு செத்துப்போகும். முசிறி சுப்பிரமணிய ஐயர் பெயர் சொல்லுகிற ஊரில் அப்படி நடக்கலாமா?

கூரை கல்நார் ஷீட்டாக இருந்தால் மட்டும் விளையாட்டில்லை. அது உடைந்தால் பறக்கும் தூள் நுரையீரலில் போய்த் தங்கி, பல வருஷம் கழித்துத் தொந்தரவு தரும். அனுபவமுள்ள ஆட்களைக் கொண்டு, நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும். இறக்கி முடியும் வரை குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். உத்தரத்தில் வருஷக்கணக்காகப் படிந்த உமித் தூசியையும் அப்போதே துடைத்துவிடுங்கள்; நெருப்புக்கு அது சிநேகிதம். நெல் ஊற வைத்த தொட்டிகள் ஆழமானவை. அவற்றை மூடாமல் கதவைத் திறக்கவே கூடாது.

பெரிய பஞ்சாலைகளில் கூரை ரம்பப் பல் மாதிரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். வடக்குப் பார்த்துக் கண்ணாடி வைத்து, வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வரும்படி செய்த உபாயம் அது. நூல் நிலையத்துக்கு நீங்களும் வடக்கே ஜன்னல் திறக்கலாம். ஆனால் திருச்சிச் சீமையில் சித்திரை முதல் ஆவணி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். ஆகவே வடக்கு ஜன்னலுக்கும் ஒரு சாய்ப்பு போட்டுவிடுங்கள். சீமைப் புத்தகத்தைப் பார்த்துப் படம் போடுகிறவர்கள் இதை மறந்துபோகிறார்கள்.

இனி ஒரு பெண்மணியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். லீனா போ பார்டி. 1914-இல் ரோம் நகரில் பிறந்து, 1946-இல் பிரேசிலுக்குக் குடியேறிய கட்டடக் கலைஞர். ஸான் பாலோ நகரத்தில் இரும்புப் பீப்பாய் செய்த ஒரு பழைய தொழிற்சாலையைக் கலை மையமாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1976-இல் முதல் தடவை போய்ப் பார்த்தபோது செங்கல்லும் கான்கிரீட்டும்தான் அவர் கண்ணில் பட்டன. மறுபடி ஒரு சனிக்கிழமை போனார். ஒழுகுகிற கூரையின் கீழ் குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள், தாய்மார்கள் சமைக்கிறார்கள், ஒரு பக்கம் பொம்மலாட்டம் நடக்கிறது! இதையெல்லாம் கெடுக்காமல் இருப்பதே என் வேலை என்று தீர்மானித்தார். இடிக்கவில்லை. பூச்சை உரித்துச் செங்கல்லை வெளியே காட்டினார். பெரிய கூடத்துத் தரையில் ஆறு மாதிரி வளைந்து ஓடும் தண்ணீர் வாய்க்கால் ஒன்று வைத்தார். நூல் நிலையம், நாடக அரங்கு, மண்பாண்டமும் நெசவும் தச்சும் கற்கும் பட்டறைகள், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் 1982-இல் திறந்தார்கள். விளையாட்டுக் கட்டடங்கள் 1986-இல் வந்தன. வேலை நடந்த வருஷங்களில் தம் அலுவலகத்தையே அந்த இடத்துக்குள் வைத்துக்கொண்டார் அந்த அம்மாள். அரங்கில் மெத்தை வைக்காத மர நாற்காலி போட்டார். அதில் மட்டும் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. மூன்று மணி நேரக் கச்சேரிக்கு முதுகு என்ன ஆவது?

இதற்கு நேர்மாறான கதை நம்மிடமே உண்டு. சென்னை பெரம்பூர்ப் பக்கத்துப் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள், அதாவது நம் பாட்டிமார் சொன்ன பின்னி மில். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமான இடம். திரு.வி.க.வின் குரல் கேட்ட பேட்டை. 1996-இல் ஆலை மூடப்பட்டது. கொஞ்ச காலம் சினிமாக்காரர்கள் செட்டுப் போட்டுச் சண்டைக் காட்சி எடுத்தார்கள். பிறகு அடுக்கு வீடுகள் எழும்பின. அங்கே உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வந்து உட்கார ஒரு கூடத்தையாவது ஒதுக்கியிருக்கலாம். எனக்கு ஆறவில்லை.

அதனால்தான் உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் மாமனார் களத்தில் வெயிலில் நின்று காலால் நெல் கிளறிய பெண்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மில் மூடியதும் அவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள்? உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்ஜினீயரைக் கூப்பிடும் முன் அவர்களைக் கூப்பிடுங்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எங்கே பாம்பு வரும், மத்தியானம் எங்கே நிழல் விழும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் காலத்தில் பெண்களுக்கு அங்கே கழிப்பிடம் இருந்ததா என்றும் கேளுங்கள். பதிலைக் கேட்டால், முதலில் என்ன கட்ட வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். சாயங்காலம் பெண்கள் வர வேண்டுமானால் சுத்தமான கழிப்பிடம், வாசல் விளக்கு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிகிற நிகழ்ச்சி, இந்த மூன்றும் மேடையைவிட முக்கியம். பெரியார் பாலம் தாண்டிக் குளித்தலைக்குத் திரும்ப வேண்டியவர்களும் வருவார்கள் அல்லவா?

பெரிய மைத்துனரிடம் சண்டை போடாதீர்கள். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது; கலை மட்டும் சொத்து வரி கட்டாது. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் உண்டா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். மண்டபம் கட்டினால் அந்த மாதங்களில் பூட்டித்தானே கிடக்கும்? கிடங்கை இடிக்காமல் சீர் செய்து, முகூர்த்த நாளில் நிச்சயதார்த்தம், வளைகாப்புக்கு வாடகைக்கு விடலாம். மற்ற நாளில் அங்கேயே பாட்டு வகுப்பு. முன்னூறு பேர் கூடுகிற வீட்டுக் கல்யாணம் வேறு எங்கேனும் நடக்கட்டும். ஜனங்கள் கூடும் இடமென்பதால் 1965-ஆம் வருஷத்துப் பொதுக் கட்டடச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டியிருக்கும். இரண்டு பக்கம் வெளியே திறக்கும் கதவு வையுங்கள். கட்டடத்தின் உபயோகம் மாறுவதால் மின்சாரக் கணக்கையும் மாற்ற வேண்டும். இந்த வேலைகளை உங்கள் வீட்டுக்காரரிடம் ஒப்படையுங்கள். பேப்பர் படிக்கிறவருக்கு மனு எழுத வரும்.

சின்னவருக்குச் சேர வேண்டிய பாகம் என்ன என்பதைப் பேச்சிலே விடாமல், ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். பிறகு எந்தச் சங்கீதத்தாலும் அந்த அபஸ்வரத்தை மறைக்க முடியாது.

என்ன பெயர் வைக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எதை வேண்டுமானாலும் வையுங்கள், அம்மா. 1963-இல் சர்க்கார் அந்தக் கடற்கரைக் கட்டடத்துக்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டியது. இன்றும் சென்னையில் யாரையாவது வழி கேட்டால் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் ஊர்க் குழந்தைகளும் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "அம்மா, மில்லுக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் கிளம்பப் போகிறார்கள்.