பழைய பெட்டியா, புதுப் பெட்டியா?

வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு போடுவதா, அல்லது இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து ஒரு பிளேஸ்டேஷன் வாங்கிவிடுவதா? வீடியோ கேம் ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வருஷத்துக்கு ஒருமுறையாவது இந்த விவாதம் வந்துவிடுகிறது. பையன் ஒன்று சொல்கிறான். அவன் சிநேகிதன் வேறொன்று சொல்கிறான். கடைக்காரர் எதில் லாபம் அதிகமோ அதைச் சொல்கிறார். பணம் கொடுக்கப்போகிற அப்பாவுக்கோ இரண்டுமே வேண்டாத செலவு. தில்லி நேரு பிளேஸிலும் சென்னை ரிச்சி தெருவிலும் மும்பை லாமிங்டன் ரோடிலும் பெங்களூர் எஸ்.பி. ரோடிலும் தினமும் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே பதில் கிடையாது. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால் அவரவர் பதில் அவரவருக்குக் கிடைத்துவிடும்.

முதலில் விலை. சோனியின் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-ம் தேதி விற்பனைக்கு வந்தது. டிஸ்க் போடும் மாடல் ரூ. 49,990, டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் ரூ. 39,990. 2022 நவம்பரில் இரண்டும் ஐயாயிரம் ரூபாய் ஏறின. 2024 ஏப்ரலில் 'ஸ்லிம்' மாடல் வந்தபோதும் அதே ரூ. 54,990, ரூ. 44,990தான்.

எலெக்ட்ரானிக் சாமான் என்றால் வயதாக ஆக விலை குறையும் என்பது நாம் கண்ட நியதி. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000-ல் 299 டாலருக்கு வந்து, 2009-ல் 99 டாலருக்கு இறங்கியது. இந்தத் தலைமுறையில் கதை தலைகீழ். 2020-ல் 399 டாலராக இருந்த டிஜிட்டல் பி.எஸ். 5, 2025 ஆகஸ்டில் அதே அமெரிக்காவில் 499 டாலர். சிப் தயாரிப்பில் ஒவ்வொரு புதுத் தலைமுறையும் பாதி விலைக்கு வந்துகொண்டிருந்த காலம் முடிந்துவிட்டதுதான் முக்கியக் காரணம். ஆகவே 'கொஞ்சம் பொறு, மலியும்' என்ற பழைய புத்திமதி இப்போது செல்லாது.

இதில் நம் ஊர் வரிக்கும் ஒரு பங்கு உண்டு. தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997-ல் சேர்ந்ததால், கம்ப்யூட்டருக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் இறக்குமதி சுங்க வரி படிப்படியாகப் பூஜ்யமானது. கன்ஸோலோ, சுங்க இலாகாவின் பட்டியலில் விளையாட்டுச் சாமான். 2018 பட்ஜெட்டில் அதன் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 20 ஆனது. அதே ஆண்டு டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் 28 சதவீத வரியை 18-ஆகக் குறைத்தது கொஞ்சம் ஆறுதல். வேடிக்கை என்னவென்றால், பி.எஸ். 5-க்குள் இருக்கும் பிராசசரும் கிராபிக்ஸும் ஏ.எம்.டி. கம்பெனியுடையவை. கம்ப்யூட்டர் கடையில் பிராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் விற்கும் அதே ஏ.எம்.டி.தான். ஏறக்குறைய ஒரே சிலிக்கன், கார்டில் வந்தால் கம்ப்யூட்டர். கன்ஸோலில் வந்தால் பொம்மை.

இருந்தும், ஒன்றுமில்லாமல் தொடங்குபவருக்குக் கன்ஸோல்தான் மலிவு. 8 கோர் பிராசசர், 16 ஜி.பி. மெமரி, வேகமான எஸ்.எஸ்.டி., தகுந்த கிராபிக்ஸ் என்று அதற்கு ஈடான பி.சி.யை அசெம்பிள் செய்யப் போனால், மானிட்டர் இல்லாமலே எழுபதாயிரத்துக்குள் முடிப்பது கஷ்டம். சோனி ஆரம்பத்தில் பெட்டியை நஷ்டத்துக்கே விற்றது; டிஸ்க் மாடல் இனி நஷ்டத்தில் இல்லை என்று 2021 ஆகஸ்டில்தான் அறிவித்தது. லாபம் கேம் விற்பனையில் வருகிறது. கேம் விலைக்குப் பிறகு வருவோம்.

நம் கேள்வி புது பி.சி.யா கன்ஸோலா என்பதல்ல, இருக்கிற பி.சி.யை மேம்படுத்துவதா என்பது. அதற்குப் பதில் உங்கள் கேபினெட்டுக்குள் இருக்கிறது. பெரும்பாலான வீடுகள் கீழ்க்கண்ட மூன்று வகையில் ஒன்றில் அடங்கும்.

முதல் வகை: 2018-க்குப் பிறகு வாங்கியது. ஆறு கோர் பிராசசர், டி.டி.ஆர். 4 மெமரி 16 ஜி.பி., எஸ்.எஸ்.டி. இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டு மட்டும் ஜி.டி.எக்ஸ். 1650 போன்ற பழசு. இவர்களுக்கு யோசனையே வேண்டாம். கார்டை மட்டும் மாற்றினால் போதும். இருபத்தைந்தாயிரத்திலிருந்து முப்பதாயிரத்துக்குள் வரும் நடுத்தரக் கார்டு பி.எஸ். 5-க்குச் சமமாகவே ஓடும். ஏ.எம்.டி.யின் 'ஏ.எம். 4' மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டம். 2017-ல் வாங்கிய பல போர்டுகளில், பயாஸை அப்டேட் செய்தால் 2022-ல் வந்த ரைசன் 5 5600 பிராசசரைப் பொருத்தலாம். இன்டெல்லில் இந்தச் சலுகை கிடையாது. 2020-ல் ஒரு சாக்கெட், 2021-ல் வேறு, 2024-ல் வேறு. சாக்கெட் மாறினால் போர்டும் மாற வேண்டும்.

இரண்டாவது வகை: 2014-லிருந்து 2016-க்குள் வாங்கியது. நாலு கோர் பிராசசர், டி.டி.ஆர். 3 மெமரி, சுழலும் ஹார்ட் டிஸ்க். இதில் புது கார்டை மட்டும் செருகுவது, ஊற்று குறைந்த கிணற்றில் பெரிய மோட்டாரை இறக்குவது போல. கார்டு காத்துக்கொண்டு நிற்கும். பிராசசரால் ஈடுகொடுக்க முடியாது. தவிர, விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறைப் பிராசசராவது வேண்டும் என்பது நிபந்தனை. ஆக, இங்கே 'அப்கிரேட்' என்றால் கேபினெட்டைத் தவிர எல்லாமே புதுசு. அதாவது, எழுபது எழுபத்தைந்தாயிரம்.

மூன்றாவது வகை: லேப்டாப்பும், ஆபீஸ்களில் வைக்கும் குட்டி பிராண்டட் டெஸ்க்டாப்பும். லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, மாற்ற முடியாது. செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் ஆபீஸ் டெஸ்க்டாப்பில் சிறிய எஸ்.எம்.பி.எஸ்.தான் இருக்கும். அதில் தனி மின் இணைப்பு கேட்காத கார்டைத்தான் போட முடியும். ஸ்லாட் தருவது 75 வாட் மட்டுமே. அதில் ஓடும் கார்டுகள் கன்ஸோலின் அருகில்கூட வராது.

எந்த வகையானாலும் மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, எஸ்.எம்.பி.எஸ். லோக்கல் பெட்டியின் லேபிளில் 450 வாட் என்று எழுதியிருக்கும். உண்மையில் அதில் பாதியைக்கூட ஒழுங்காகத் தராது. அது போகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு நாலைந்தாயிரம் ஒதுக்குங்கள். என்விடியாவின் 2021 மாடலான ஆர்.டி.எக்ஸ். 3060 கேட்பது 170 வாட். 2023-ல் வந்த 4060 கேட்பது 115 வாட். புதுசு எப்போதும் அதிகம் குடிக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை.

இரண்டு, 'சும்மா இப்போதைக்கு' என்று பழைய கார்டை செகண்ட்ஹேண்டில் வாங்குவது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் 'ரே டிரேஸிங்' வசதியுள்ள கார்டைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ஜி.டி.எக்ஸ். வரிசைக் கார்டுகளுக்கு அவற்றில் இடமில்லை. பி.எஸ். 5-ல் அந்த வசதி பிறவியிலேயே உண்டு. எட்டு ஜி.பி.க்குக் குறைந்த மெமரி உள்ள கார்டையும் தொடாதீர்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தை கார்டு வைத்துத் தோண்டும் வேலை நின்றுபோனபோது, இரவு பகலாக உழைத்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் சில இன்னும் கை மாறிக்கொண்டிருக்கலாம். பில்லும் வாரண்டியும் இல்லாத கார்டு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மூன்று, மெமரி. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போனதால் 2025 கடைசியில் ராம் விலை மளமளவென்று ஏறியது. மைக்ரான் கம்பெனி சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த 'குரூஷியல்' வியாபாரத்தையே கைவிடுவதாக டிசம்பரில் அறிவித்தது. ஆகவே கையில் உள்ள டி.டி.ஆர். 4 மெமரியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய இரண்டாம் வகைக்காரருக்குத்தான் இதனால் அடி அதிகம்.

இப்போது கேம்களின் விலை. பெட்டி வாங்கும்போது யாரும் இதைச் சேர்ப்பதில்லை. பி.எஸ். 5 வந்தபோது சோனியின் சொந்தப் பெரிய கேம்களுக்கு இங்கே வைத்த விலை ரூ. 4,999. பி.சி.யில் ஸ்டீம் கடை 2015-லிருந்து ரூபாயிலேயே விலை போடுகிறது; வருஷத்தில் சில முறை பெரிய தள்ளுபடி தருகிறது. எபிக் கடை அவ்வப்போது கேம்களை இலவசமாகவே கொடுக்கிறது. 2020 மே மாதம் ஜி.டி.ஏ. 5-ஐயே கொடுத்தது. தவிர, கன்ஸோலில் விலை கொடுத்து வாங்கிய பெரும்பாலான கேம்களை மற்றவர்களோடு ஆன்லைனில் ஆடத் தனிச் சந்தா கட்ட வேண்டும். பி.சி.யில் அது இல்லை. கன்ஸோலுக்குச் சாதகமாக ஒன்று: டிஸ்க்கில் வாங்கிய கேமை ஆடி முடித்து விற்றுவிடலாம். பி.சி.யிலும் டிஜிட்டல் கன்ஸோலிலும் வாங்கியது வாங்கியதுதான்.

ஐந்து வருஷத்துக்கு ஒரு உத்தேசக் கணக்கு போடுவோம். வருஷத்துக்கு மூன்று கேம், மொத்தம் பதினைந்து. கன்ஸோலில் சராசரி ரூ. 3,500 என்றும், தள்ளுபடிக்குக் காத்திருக்கும் பி.சி.யில் ரூ. 1,500 என்றும் வைத்துக்கொள்ளலாம். கன்ஸோல் ரூ. 54,990, கேம்கள் ரூ. 52,500, மொத்தம் ரூ. 1,07,490. டிஸ்க் ஒவ்வொன்றையும் ரூ. 1,500-க்கு விற்றால் ரூ. 22,500 திரும்பும், நிகரம் சுமார் ரூ. 85,000. முதல் வகை பி.சி.க்கு கார்டு ரூ. 28,000, எஸ்.எம்.பி.எஸ். ரூ. 5,000, கேம்கள் ரூ. 22,500, ஆக ரூ. 55,500. இங்கே அப்கிரேட் முப்பதாயிரம் ரூபாய் மிச்சம். இரண்டாம் வகைக்கு ரூ. 75,000-உடன் கேம்கள் சேர்த்து ரூ. 97,500. டிஸ்க் விற்பவருக்குக் கன்ஸோல் லாபம், விற்காதவருக்குப் பி.சி. லாபம். எப்படியானாலும் வித்தியாசம் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குள்தான்.

மின்சாரத்தைப் பற்றியும் கேட்பார்கள். பி.சி. 300 வாட், கன்ஸோல் 200 வாட், தினம் இரண்டு மணி நேரம் என்று வைத்தால் வருஷத்துக்கு 73 யூனிட் வித்தியாசம். யூனிட் ஏழு ரூபாய் என்றால் ஐந்நூறு ரூபாய் சொச்சம். இதற்காக முடிவை மாற்ற வேண்டாம்.

பணத்தைவிடப் பெரிய கேள்வி, உங்கள் பிள்ளை என்ன ஆடுகிறான் என்பது. கவுன்டர் ஸ்டிரைக் 2-ம் டோட்டா 2-ம் கம்ப்யூட்டரில் மட்டும்தான். வேலரன்ட் 2020-ல் பி.சி.யில் வந்து, கன்ஸோலுக்கு வர 2024 ஆயிற்று. மூன்றும் இலவசம். இவற்றை ஆடுபவனுக்குக் கன்ஸோல் வாங்கிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். மாறாக, கதையோடு வரும் பெரிய கேம்கள் கன்ஸோலுக்குத்தான் முதலில் வருகின்றன. ஜி.டி.ஏ. 5 கன்ஸோலில் 2013, பி.சி.யில் 2015. காட் ஆஃப் வார் 2018, பி.சி.யில் 2022. ஸ்பைடர்மேன் 2, 2023, பி.சி.யில் 2025. பொறுக்க முடிந்தவனுக்கு பி.சி. போதும். நாலு பேர் சோபாவில் உட்கார்ந்து புட்பால் ஆடுவதென்றால் கன்ஸோலின் சௌகரியமே தனி. ஆனால் அது ஹாலில் உள்ள டி.வி.யைப் பிடித்துக்கொள்ளும். இரவு எட்டு மணி சீரியல் நேரத்தில் என்ன நடக்கும் என்பதை இப்போதே பேசி முடித்துக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது.

இரண்டாம் வகைக்காரர்களுக்கு இன்னொரு கேள்வி: கேம் ஒருபுறம் இருக்க, வீட்டுக்கு எப்படியும் ஒரு நல்ல கம்ப்யூட்டர் தேவையா? காலேஜ் ப்ராஜெக்ட், புரோகிராமிங், வீடியோ எடிட்டிங் இதற்கெல்லாம் முப்பத்தைந்து, நாற்பதாயிரம் செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால், அதன்மேல் கேமுக்காகக் கூடும் செலவு மீதி முப்பத்தைந்தாயிரம்தான். அப்போது பி.சி.யே சரி. வேலைக்கு ஒரு லேப்டாப் ஏற்கெனவே இருக்கிறது, கேம் மட்டும்தான் வேண்டும் என்றால் தயங்காமல் டிஸ்க் போடும் கன்ஸோலை வாங்குங்கள்.

சுருக்கமாக ஒரு விதி: அப்கிரேட் செலவு கன்ஸோல் விலையில் பாதியையோ, அதற்குச் சற்று மேலேயோ தொட்டால் அப்கிரேட். முழு விலையையும் தாண்டினால், கம்ப்யூட்டரின் மற்ற உபயோகத்தை வைத்து முடிவு செய்யுங்கள். கடைக்குப் போவதற்கு முன் கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பிராசசரின் பெயர், மெமரி எந்த வகை, எஸ்.எஸ்.டி. உண்டா, எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் என்ன பிராண்ட், எத்தனை வாட் என்று நாலு வரி ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கையில் அந்தச் சீட்டு இருந்தால், கடைக்காரர் சொல்வதில் எது நிஜம், எது வியாபாரம் என்று உங்களுக்கே புரியும்.