கம்பி யாருடையதோ, பொறுப்பும் அவருடையதே

1993 டிசம்பர் 11 அன்று மலேசியாவின் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். பக்கத்து இரு கட்டடங்களின் வீட்டு உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு 15 விழுக்காடு பொறுப்பு உண்டென்று உயர்நீதிமன்றம் 2000-இல் கூறியது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவைக் கொண்டு கழகத்தை விடுவித்தது. சிலருக்குத் தரும் இழப்பீட்டைவிட, பலருக்கான அடிப்படை வசதிகளே முதன்மை என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இருந்தது. ஊராட்சி மன்றத்துக்குப் பொருந்தலாம் என்றாலும், பராமரிப்பற்ற மின்கம்பியால் நேரும் சாவுக்கு இந்த வாதத்தை ஏற்க முடியாது.

மலேசியாவில் இப்படி இறந்தவரின் குடும்பம் 1956-ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் 7-ஆவது பிரிவின்கீழ் வழக்குத் தொடுக்கலாம். கெடு மூன்று ஆண்டு. துயர இழப்பீடு 2019 திருத்தத்தால் 10,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆனால் எதிர்த்தரப்பின் கவனக்குறைவைக் குடும்பமே நிரூபிக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். கம்பியைக் கடைசியாகப் பரிசோதித்தது எப்போது, உரசிய கிளையை வெட்டினார்களா, 15454 என்ற தொலைபேசி எண்ணுக்கு வந்த புகாரை என்ன செய்தார்கள் என்ற பதிவுகளெல்லாம் மின்நிறுவனத்தின் கோப்பில் கிடக்கின்றன. தார்ச்சாலையில் அறுந்து விழும் கம்பியில் பாயும் மின்னோட்டம் குறைவாக இருந்தால், பாதுகாப்புக் கருவி அதை உணராமல் போகலாம். கம்பியில் மின்சாரம் அப்படியே இருக்கும். பொறியாளருக்குத் தெரிந்த இந்த ஆபத்து வழிப்போக்கருக்குத் தெரியாது. ஒருவருக்கே சிறப்பாகத் தெரிந்த செய்தியை அவரே நிரூபிக்க வேண்டும் என்கிறது 1950-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு. மின்விபத்து வழக்குகளில் இதுவே தொடக்கமாக இருக்க வேண்டும்.

இந்திய உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. மத்தியப் பிரதேசத்தில் மழைநீர் தேங்கிய சாலையில் கிடந்த கம்பியில் சைக்கிள் ஏறி ஒருவர் இறந்தார். யாரோ மின்சாரம் திருட இழுத்த கம்பி அது என்றது மின்வாரியம். ஆபத்தான பொருளைக் கையாளும் தொழிலை நடத்துபவர், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பாளியே என்று 2002-இல் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. திருட்டைத் தடுப்பதும் வாரியத்தின் வேலை.

புயல், மரம், திருடர் என எல்லாவற்றுக்கும் நிறுவனத்தைத் தண்டிப்பதா என்று கேட்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை எதிர்பாராத ஒன்றா என்ன? அதைக் கணக்கில் கொண்டுதானே கம்பி இழுக்கிறார்கள். இறந்தவரே வேலியேறிக் கம்பியைத் தொட்டிருந்தால் நிறுவனத்தின் பொறுப்புப் பங்கைக் குறைக்கலாம். ஆனால் அதை நிரூபிப்பது நிறுவனத்தின் பாடு. கட்டணம் கூடும் என்பது மற்றோர் அச்சம். மின்நிறுவனமான தெனாகா நேஷனல் 1990-இல் நிறுவனமாக்கப்பட்டு, 1992 முதல் பங்குச் சந்தையில் இருக்கிறது. ஆதாயம் பங்குதாரருக்கும் போகிறது. இழப்பைப் பல லட்சம் பயனீட்டாளர்களிடையே பகிர்ந்தால் எவருக்கும் வலிக்காது. ஒரு குடும்பத்தின் தலையில் கட்டினால் அது நொடித்துப்போகும். மேலும், இழப்பீடு நிச்சயம் என்று தெரிந்தால் மரம் வெட்டும் செலவே மலிவு என்று கணக்குச் சொல்லும்.

ஆகவே 1990-ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கலாம்: பொது இடத்தில் மின்கம்பியால் சாவு நேர்ந்தால் உரிமம் பெற்ற நிறுவனமே பொறுப்பு, பராமரிப்புப் பதிவுகள் குடும்பத்திடம் தரப்பட வேண்டும், வழக்கு முடியுமுன் இடைக்கால இழப்பீடு வழங்கப்பட வேண்டும். இதற்கு நாடாளுமன்றத்தின் மனம் போதும்.