48 யானைகளும் ஒரு குழாயும்

வீட்டில் தென்னந்துடைப்பம் இருக்கிறதல்லவா? அம்மாவோ மனைவியோ பார்க்காத நேரமாக அதிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளையும் விரல்களுக்கிடையில் வைத்து மெல்ல அழுத்துங்கள். கொஞ்ச நேரம் விறைப்பாக நிற்கும். அப்புறம் சட்டென்று நடுவில் வளைந்து பக்கவாட்டில் பிதுங்கும். உடையவில்லை, நசுங்கவில்லை, ஒதுங்கிக்கொண்டது. இதற்குப் பெயர் 'பக்ளிங்'. எவ்வளவு அழுத்தினால் ஒதுங்கும் என்பதற்கு ஆய்லர் என்ற ஸ்விஸ் கணித மேதை 1744லேயே ஃபார்முலா கொடுத்துவிட்டார். குச்சியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், தாங்கும் பாரம் கால்வாசியாகிவிடும்.

கடலுக்கடியில் எண்ணெய் கொண்டுபோகும் இரும்புக் குழாய்க்கும் இதே கதிதான். 'அதை யார் ஸார் அழுத்துகிறார்கள்?' என்றால், யாருமில்லை. தன்னைத் தானே அழுத்திக்கொள்கிறது.

குழாயைப் போடும்போது கடலடியில் 5 டிகிரி குளிர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு கிணற்றிலிருந்து 85 டிகிரி சூட்டில் எண்ணெய் வருகிறது. 80 டிகிரி வித்தியாசம். இரும்பு நீளப் பார்க்கும். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 94 சென்டிமீட்டர். ஆனால் அடியில் இருக்கும் சேறும் மணலும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்கின்றன. நீள முடியாத கோபம் எல்லாம் உள்ளுக்குள் விசையாகச் சேருகிறது. 12 அங்குலக் குழாய், அரை அங்குலக் கனம் என்றால் அந்த விசை ஏறக்குறைய 240 டன். யானைக்கு ஐந்து டன் என்று கணக்குப் போட்டால் 48 யானைகள். இது சூட்டுக்கு மட்டும். உள்ளே இருக்கும் அழுத்தத்தின் பங்கு தனி.

கோடையில் தண்டவாளம் நெளிகிறதே, அதே சமாசாரம். உண்மையில் தண்டவாளத்துக்காகப் போட்ட கணக்கைத்தான் லண்டன் இம்பீரியல் காலேஜின் ஹாப்ஸ் குழாய்க்கு மாற்றி 1984ல் ஒரு கட்டுரை எழுதினார். இன்றைக்கும் இந்தத் துறைக்கு வரும் பையன்கள் முதலில் படிப்பது அதைத்தான்.

'நெளிந்தால் நெளியட்டுமே, கடலில் இடமா இல்லை?' என்று கேட்கலாம். பிரேஸிலில் ரியோ டி ஜெனிரோவை ஒட்டிய குவனாபாரா விரிகுடாவில், 2000 ஜனவரி 18 அன்று பெட்ரோபிராஸ் கம்பெனியின் குழாய் ஒன்று நெளிந்தது. உள்ளே போனது சூடாக்கிய எரிஎண்ணெய். சூடாவதும் ஆறுவதுமாக இருந்த குழாய் சேற்றில் சுமார் 4 மீட்டர் பக்கவாட்டில் ஓடி, மடங்கி, கிழிந்தது. 13 லட்சம் லிட்டர் எண்ணெய் விரிகுடாவில் கலந்தது. அலையாத்திக் காடுகள் கறுத்தன. மீனவர்களின் பிழைப்பு போயிற்று.

அதனால் இப்போது இன்ஜினீயர்கள் தலைகீழாக யோசிக்கிறார்கள். நெளியாமல் தடுக்க முடியாதா? சரி, நாம் சொல்கிற இடத்தில், நாம் சொல்கிற அளவு நெளியட்டும். வேண்டுமென்றே பாம்பு மாதிரி வளைத்து வளைத்துப் போடுகிறார்கள். அல்லது நடுநடுவே குறுக்கே ஒரு 'ஸ்லீப்பர்' வைத்துக் குழாயை அதன் மேல் ஏற்றிவிடுகிறார்கள். ஒரே இடத்தில் பெரிதாக வளைந்து உடைவதைவிட, பத்து இடத்தில் சின்னதாக வளைவது மேல். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இந்தத் தத்துவம் சொல்லாமலே புரியும்.

எங்கே, எவ்வளவு வளையும் என்று கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டும். இதற்குப் பெரிய ஸாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. ஒரு வருட லைசென்ஸ் பணத்தில் சின்னதாக ஒரு கார் வாங்கிவிடலாம். 'ஓப்பன் ஸோர்ஸ்' என்றதும் நம் ஆட்களுக்குக் கண்ணில் பல்பு எரிவது இதனால்தான். ஓசி!

ஓசி என்பது அதில் இரண்டாவது நல்ல விஷயம். முதலாவது வேறு.

கணக்கில் 'மண் எவ்வளவு பிடிக்கும்?' என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். உராய்வு. சாதாரணமாக இன்ஜினீயர் என்ன செய்வார்? சந்தேகம் வந்தால் பத்திரமான பக்கமாக ஓர் எண் போடுவார். இங்கே பத்திரமான பக்கமே கிடையாது. உராய்வு குறைவென்றால் சீக்கிரம் நெளிந்து, அக்கம்பக்கத்துக் குழாயும் வழுக்கிக்கொண்டு அந்த வளைவுக்குள் வந்து சேரும். அதிகமென்றால் கோபத்தை அடக்கி அடக்கி வைத்து, வெடிக்கும்போது கூர்மையாக மடங்கும். இரண்டையும் பார்த்தாக வேண்டும். ஸாஃப்ட்வேர் அந்த எண்ணை உள்ளே எப்படிக் கையாள்கிறது, முதல் வழுக்கலுக்கும் பிந்தைய வழுக்கலுக்கும் ஒரே எண்ணா என்பதெல்லாம் தெரியாமல் வரும் விடை ஜோசியம்தான். என்ன, கலர் படம் போட்ட ஜோசியம்.

நார்வேயில் இந்த ஜோசியம் ஒருமுறை பொய்த்தது. ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய் மேடையின் கான்க்ரீட் அடிப்பாகம் 1991 ஆகஸ்ட் 23 அன்று, சோதனைக்காகத் தண்ணீரில் இறக்கும்போது 65 மீட்டர் ஆழத்தில் உடைந்து மூழ்கியது. காரணம், கம்ப்யூட்டர் மாடலில் ஒரு முக்கியமான மூலையைத் தாராளமாகப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். அங்கே வெட்டுவிசை 47 சதவிகிதம் குறைவாக வந்தது. விபத்துக்குப் பிறகு நுணுக்கமாகக் கணக்குப் போட்டபோது, 62 மீட்டரில் உடையும் என்று வந்தது! ஸாஃப்ட்வேர் பாவம், கேட்டதற்குப் பதில் சொன்னது. பதிலைத் திரும்பக் கேள்வி கேட்கத்தான் ஆளில்லை.

ஓப்பன் ஸோர்ஸ் என்றால் அந்த ஆளுக்குக் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஃபிரான்ஸின் மின்சாரக் கம்பெனி இ.டி.எஃப். தன் சொந்த உபயோகத்துக்கு 1989ல் எழுதத் தொடங்கிய 'கோட் ஆஸ்டர்' நிரலை 2001ல் உலகத்துக்கே திறந்துவிட்டது. மியூனிக்கில் விமான என்ஜின் கம்பெனியில் வேலை பார்த்த இருவர் ஓய்வு நேரத்தில் எழுதிய 'கால்குலிக்ஸ்' 1998லிருந்து கிடைக்கிறது. ஓய்வு நேரத்தில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இரண்டுமே கடலடிக் குழாய்க்கென்று தைத்த சட்டை அல்ல. நல்ல துணி. நாம்தான் வெட்டித் தைக்க வேண்டும்.

தைக்க ஆசையா? ஆபீஸ் முடிந்து வந்து ஒரு மணி நேரம் போதும். முதலில் ஆய்லர் ஃபார்முலா. அப்புறம் மேலே சொன்ன 240 டன் கணக்கு, அழுத்தத்தின் பங்கையும் சேர்த்து. பிறகு ஹாப்ஸின் சமன்பாடுகள். ஒவ்வொரு படியிலும் அச்சில் வந்த விடையோடு உங்கள் விடையை ஒத்துப் பாருங்கள். அந்த ஒப்பீட்டையும் நிரலோடு சேர்த்தே வெளியிடுங்கள். தப்பு இருந்தால் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் எங்கிருந்தோ எழுதிச் சொல்வார். முதல் நாள் கோபம் வரும். மறுநாள் நன்றி சொல்வீர்கள்.

'இலவச ஸாஃப்ட்வேருக்கு யார் ஸார் கேரண்டி?' என்று மேனேஜர் கேட்பார். நியாயமான கேள்விதான். அதன் லைசென்ஸில் 'எந்த உத்தரவாதமும் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். காசு கொடுத்து வாங்கிய ஸாஃப்ட்வேரின் லைசென்ஸையும் ஒருமுறை கடைசிவரை படிக்கச் சொல்லுங்கள். அங்கேயும் ஏறக்குறைய அதைத்தான் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள்.

குழாய் கிழிந்தால் விசாரணைக் கமிஷன் ஸாஃப்ட்வேரைக் கூண்டில் ஏற்றாது. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்து யாருடையது என்று பார்க்கும். அந்த இடத்தில் பேனாவை வைப்பதற்கு முன், மூடியைத் திறந்து உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுவது நல்லது.