முதுகு நரைத்த மாப்பிள்ளை

மாப்பிள்ளைக்குக் காதோரம் நாலு மயிர் நரைத்திருந்தால் போதும், பெண்ணின் தாயார் முகத்தைச் சுளித்துக் கொள்வாள். ஆனால், முதுகே நரைத்துப் போன மாப்பிள்ளைக்குத்தான் கிராக்கி என்று ஒரு குலம் இருக்கிறது, தெரியுமா? மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் வாழும் வரையாட்டுக் குலம்தான் அது!

‘வரை’ என்றால் மலை. சங்கப் பாட்டில் வரும் ‘வருடை’ இதுதான். தமிழ்நாட்டு மலைகளையும் கேரளத்து மலைகளையும் விட்டால், உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் இதைக் காண முடியாது. நம் மாநில விலங்கும் இதுவே.

ஆண் ஆட்டுக்கு வயது ஏற ஏற மேனி கறுக்கும். முதுகில் சேணம் வைத்தாற்போல் ஒரு வெள்ளித் திட்டு தோன்றும். வருஷத்தில் பெரும் பகுதி இந்த ஐயாமார்கள் குடும்பத்தோடு ஒட்டுவதில்லை. மழைக்காலம் வந்ததும் மாப்பிள்ளை முறுக்கோடு வந்து சேருவார்கள், கொம்போடு கொம்பு மோதுவார்கள், பிறகு போய்விடுவார்கள். குட்டிகளை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு? வேறு யாருக்கு, தாய்மார்களுக்குத்தான்! மந்தை மேயும்போது பெரும்பாலும் ஒரு பெண் ஆடுதான் தலை நிமிர்ந்து காவல் நிற்கும். சிறுத்தையோ செந்நாயோ தென்பட்டால் ஒரு சீழ்க்கை. அவ்வளவுதான், அத்தனை ஆடுகளும் செங்குத்தான பாறையில் தாவி ஏறிவிடும். துரத்தி வந்த செந்நாய் அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்! குளம்பின் ஓரம் கெட்டி, நடுப்பாகம் ரப்பரைப் போல் மெத்து. அதனால் வழுக்குப் பாறையிலும் கால் பதிகிறது.

இத்தனை சாமர்த்தியமும் துப்பாக்கிக்கு முன் செல்லவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் வேட்டைக்குப் பலியானவை ஏராளம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. ‘வெறும் புல்தானே, வீணாகக் கிடக்கிறதே’ என்று மலை உச்சியில் தைல மரத்தையும், தோல் பதனிடப் பட்டை தரும் சீகை மரத்தையும் கொண்டு வந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த வேலை தொடர்ந்தது. மரம் நடுவது புண்ணியம் என்றுதானே நாம் கேட்டிருக்கிறோம்? ஆனால் அந்த மரம் நின்ற இடத்தில் புல் போயிற்று. புல் போன இடத்தில் ஆடும் போயிற்று.

“ஆடு போனால் எனக்கு என்ன?” என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு சமாசாரம். உச்சிப் புல்வெளியும் அதன் மடிப்புகளில் உள்ள சோலைகளும் மழை நீரைக் குடித்து வைத்துக் கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. வரையாடு மேயும் நீலகிரிச் சரிவுகளில்தான் பவானி பிறக்கிறாள். அவளைப் பில்லூரில் அணை கட்டித் தேக்கித்தான் கோயம்புத்தூருக்குக் குடிநீர் கொண்டு போகிறார்கள். ஆகவே, அங்கே ஒரு குடித்தனத்தில் காலையில் ரசத்துக்குப் புளி கரைக்கிற தண்ணீருக்கும், மேலே பாறையில் நிற்கும் ஆட்டுக்கும் சம்பந்தம் உண்டு! ஆட்டுக்காகக் காப்பாற்றும் புல், நமக்காகவும் காப்பாற்றும் புல்தான்.

நல்ல காலம், வழி இல்லாமல் போகவில்லை. மூணாறுக்கு அருகில் உள்ள இரவிகுளம், தேயிலைத் தோட்டத் துரைமார்களின் வேட்டைக் காடாக இருந்தது. 1975-ல் அது சரணாலயமாயிற்று. 1978-ல் தேசியப் பூங்காவாயிற்று. இன்று உலகத்திலேயே வரையாடுகள் மிகுதியாக வாழும் இடம் அதுதான். குட்டி போடும் பருவத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில், அங்கே பார்வையாளருக்குக் கதவை அடைத்து விடுகிறார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் கூட்டம் கூடாது என்பது நமக்குத் தெரியாததா?

தமிழ்நாட்டு அரசும் 2023-ல் வரையாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அந்நிய மரங்களை அகற்றிப் புல்லை மீட்பது அதில் ஒரு முக்கியமான வேலை. 1975-ல் இந்த ஆடுகளைப் பற்றி ஆராய்ந்த டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 ‘வரையாடு தினம்’. 2025-ல் இரு மாநிலங்களும் சேர்ந்து எண்ணியபோது தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365 என்று கணக்கு வந்தது. இரண்டையும் கூட்டினால் 2,668. ஒரு பெரிய கல்யாண மண்டபத்துப் பந்தியில் உட்காருகிறவர்களைவிட அப்படி ஒன்றும் அதிகமில்லை. உலகத்தில் உள்ளதே அவ்வளவுதான்!

கோடை விடுமுறையில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு மலை ஏறும்போது, சாலை ஓரத்திலேயே வரையாடு நின்றாலும் நிற்கும். குழந்தைகள் பிஸ்கோத்துப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். மனிதர் கையை எதிர்பார்க்கப் பழகிய ஆடு, சாலையிலேயே நின்று வண்டியில் அடிபடும். தூரத்தில் நின்று, சத்தம் போடாமல், கண்ணாரப் பாருங்கள். வெள்ளி முதுகோடு ஒருவர் பாறை மேல் நின்றால், அவர்தான் மாப்பிள்ளை என்று குழந்தைகளுக்குக் காட்டிக் கொடுங்கள்.