தேர் வந்தது, கதவு திறந்ததா?

தேர் உலா வருகிறது! மேளம் முழங்குகிறது, வடம் பிடிப்போர் வியர்வை சிந்துகின்றனர், மாடவீதிகள் மகிழ்ச்சியில் திளைக்கின்றன. ஆனால் அந்தத் தேர் எந்த வீதிவரை செல்லும், எந்தத் தெருமுனையில் திரும்பிவிடும் என்பதை நாம் நன்கறிவோம். உலா வருவது வேறு. ஊராரிடம் வருவது வேறு. இந்த வேறுபாட்டைக் கோயில் வாசலில் கண்டு கொதித்தவர்கள் நாம். கலைக்கூடத்தின் வாசலில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளலாமா?

பிரிட்டனில் ஒரு கலைத்தேர் ஓடுகிறது. ‘பிரிட்டிஷ் ஆர்ட் ஷோ’ என்பது அதன் பெயர். ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அவ்வக்காலத்து ஓவியத்தையும் சிற்பத்தையும் திரைப்படத்தையும் ஏற்றிக்கொண்டு நகர் நகராகச் செல்லும் கண்காட்சி அது. 1979இல் ஷெஃபீல்டு நகரில் முதன்முதலாகப் புறப்பட்டது. புதுக்கலையை லண்டன் மட்டும் கண்டு களித்தால் போதாது, ஏனைய நகரங்களும் காணவேண்டும் என்றனர். நல்ல எண்ணம், நாம் வரவேற்கிறோம். தலைநகரே தலை, ஏனைய ஊர்கள் வெறும் வால் என்னும் நினைப்பைத் தகர்க்கும் எந்த முயற்சியும் நமக்கு உவப்பானதே.

ஒன்பதாவது உலா 2021இல் அபர்டீனில் தொடங்கி, 2022இல் வோல்வர்ஹாம்ப்டன், மான்செஸ்டர், பிளிமத் ஆகிய நகரங்களுக்குச் சென்றது. கலைஞர்கள் 47 பேர். மான்செஸ்டரில் நான்கு கூடங்கள், பிளிமத்தில் நான்கு கூடங்கள் என ஒரே கண்காட்சி ஊரெங்கும் விரிந்து கிடந்தது. ஊருக்கேற்பப் படைப்புகளும் மாறின. கேட்கவே இனிக்கிறது! எனினும், எத்தனை ஊர் சென்றது, எத்தனை கூடம் நிரம்பியது என்ற கணக்கோடு மனநிறைவு கொள்வோரை நாம் கேட்கிறோம்: தேரில் ஏறியவர் யார்? ஏற்றியவர் யார்? ஏறாமல் தெருவிலே நிறுத்தப்பட்டவர் யார்?

விடை வேண்டுமா? வோல்வர்ஹாம்ப்டனுக்கு வாருங்கள். இரும்புக்கும் பூட்டுக்கும் பெயர்பெற்ற ஊர் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், கரீபியத் தீவுகளிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் உழைப்பாளிகள் அங்கே குடியேறினர். உலைக்களத்தில் அவர்கள் கை வேண்டியிருந்தது. ஊருக்குள் அவர்கள் முகம் வேண்டாததாயிற்று! அந்த ஊரின் ஒரு தொகுதியிலிருந்து 1950 முதல் 1974 வரை பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்த ஈனாக் பவல்தான், 1968 ஏப்ரல் 20ஆம் நாள் பர்மிங்ஹாமில், வந்தேறிகளால் நாடு நாசமாகும் என்று நஞ்சைக் கக்கினார்.

அந்த நஞ்சு பரவிய காற்றை மூச்சிழுத்து வளர்ந்தனர், குடியேறியோரின் பிள்ளைகள். 1979ஆம் ஆண்டு, ஆம், ஷெஃபீல்டில் கலைத்தேர் புறப்பட்ட அதே ஆண்டு, வோல்வர்ஹாம்ப்டனில் கறுப்பின மாணவர் சிலர் ஒன்றுகூடி ஓர் ஓவியர் குழுவை அமைத்தனர். எடி சேம்பர்ஸ், கீத் பைப்பர் முதலானோர் அதில் இருந்தனர். பின்னர் டொனால்ட் ராட்னி, மார்லீன் ஸ்மித், கிளாடெட் ஜான்சன் ஆகியோரும் இணைந்தனர். ‘பி.எல்.கே. ஆர்ட் குரூப்’ என்று வரலாறு அவர்களை அழைக்கிறது. பிரிட்டனின் கொடியையே ஹிட்லரின் சுவஸ்திகாவாக அமைத்து, அதை நான்கு பலகைகளில் படிப்படியாகக் கிழித்துச் சிதறடித்துக் காட்டினார் சேம்பர்ஸ். அப்போது அவருக்கு வயது இருபதை எட்டவில்லை அல்லது எட்டியிருந்தது, அவ்வளவுதான்! 1981இல் ஊரின் கலைக்கூடத்தில் தம் படைப்புகளை மாட்டினர். 1982இல் அவ்வூர்ப் பாலிடெக்னிக்கில் கறுப்பினக் கலைஞர்களின் நாடு தழுவிய முதல் மாநாட்டைக் கூட்டினர்.

தேரை எதிர்நோக்கி அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. தாமே மேடை அமைத்தனர், தாமே அழைப்பு விடுத்தனர், தாமே பேசினர். சுயமரியாதை என்பதற்கு வேறென்ன பொருள்?

“கலையிலே நிறம் பார்ப்பதா? தகுதி, திறமை ஒன்றே அளவுகோல்” என்று அறிவுரை கூறப் பலர் வருவர். தகுதி! திறமை! எத்தனை ஆண்டுகளாக நம் செவியில் அறையப்பட்ட சொற்கள் இவை! அந்த அளவுகோல் யார் கையில் இருந்தது என்று கேட்டால் மட்டும் வாய் அடைத்துப்போகும். 1979இல் நாடு முழுவதற்குமான தேர்வைச் செய்தவர், வில்லியம் பேக்கர் என்ற ஒரே ஒரு விமரிசகர். 1984இல் அப்பணியை மூவர் செய்தனர். ஒருவர் கண் போதாது என்று அவர்களே கண்டுகொண்டனர் அல்லவா? தகுதி வானத்திலிருந்து விழுவதில்லை, தோழர்களே! மனிதர் அளக்கின்றனர். அளக்கும் கை மாறினால், நேற்றுவரை எடையற்றதென எறியப்பட்டது இன்று எடை காட்டுகிறது. சேம்பர்ஸ் கிழித்த அந்தக் கொடி இன்று எங்கே இருக்கிறது? டேட் அருங்காட்சியகத்தின் சேமிப்பில்! ஓவியம் மாறவில்லை, பார்வை மாறிற்று.

2022இல் கலைத்தேர் வோல்வர்ஹாம்ப்டனுக்கு வந்தபோது இரண்டு இடங்களில் நின்றது. ஒன்று, 1981இல் அந்த இளைஞர் படம் மாட்டிய அதே கலைக்கூடம். மற்றொன்று, 1982 மாநாடு கூடிய அந்தப் பாலிடெக்னிக்கின் வழிவந்த பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளி. வேறுபாடுகளோடு மனிதர் எவ்வாறு கூடி வாழ்வது என்பதே அங்கு காட்சியின் கருப்பொருள். பவலின் ஊரில் இக்கேள்வி சுவரேறியது வெற்றிதான்; மறுப்பாரில்லை. ஆனால் அது தேர் தந்த வரமன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே நின்று கதவைத் தட்டியவர்களின் கை வலித்ததற்குக் கிடைத்த கூலி!

ஆகவே, ஊர் சுற்றும் கண்காட்சி எதுவாயினும், அதனிடம் நாம் மூன்று கேட்போம். தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தில் அந்த ஊருக்குப் பங்கு உண்டா? அவ்வூர்ப் பிள்ளைகளின் படைப்புக்குச் சுவரில் இடம் உண்டா? பெட்டிகள் கட்டப்பட்டு வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பியபின் அங்கே மிஞ்சுவது என்ன? கற்றுத்தரும் பள்ளியா, வாங்கி வைத்த படைப்பா, வெறும் சுவரொட்டியா?

கட்டணமில்லாக் கதவு எல்லாம் திறந்த கதவு ஆகிவிடாது. உள்ளே நுழைகிறவன், ‘இது எனக்கும் உரியது’ என்று நிமிர்ந்து நடக்கும் நாளில்தான் கதவு திறக்கிறது. பூட்டுச் செய்யும் ஊரிலேயே பூட்டை உடைத்துக் காட்டினர் சில மாணவர். கலையைத் தரிசிக்கச் செல்லாதீர், தோழர்களே! கேள்வி கேட்கச் செல்லுங்கள்!