மூடிக்குள் நுழைந்த மழை



"மூடி இறுக்கமாத்தான் இருந்திச்சு, பெரியவாப்பா. அப்புறம் தண்ணி எப்படி உள்ளே போச்சு?"

என் தம்பி மகள் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. பத்து வயதுச் சிறுமி. இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள எக்ஸிட்டர் நகரில் பெற்றோருடன் வசிக்கிறாள். குரல் தழுதழுத்தது. உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. "யோசித்துச் சொல்கிறேன் கண்ணு" என்று கூறி வைத்துவிட்டேன். அந்த யோசனையின் பயனே இத்திங்கள் கட்டுரை.

முதலில் அவள் இழந்தது இன்னதென்று சொல்ல வேண்டும். எக்ஸிட்டருக்கு மேற்கே டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. மரங்கள் அருகிய புல்வெளி, கால் புதையும் சதுப்பு, குன்றுகளின் உச்சியில் குவிந்து கிடக்கும் கருங்கற் பாறைகள், தம் விருப்பப்படி மேயும் குட்டைக் குதிரைகள். 1951ஆம் ஆண்டு இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இங்கே ஒரு விளையாட்டு தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. 'லெட்டர்பாக்ஸிங்' என்பது அதன் பெயர். ஒருவர் சிறு பெட்டியொன்றில் ஒரு ரப்பர் முத்திரையையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்துப் பாறை இடுக்கில் மறைத்துவிட்டு, இடத்தைக் கண்டறியக் குறிப்புகள் தருவார். தேடி வருபவர் அந்த முத்திரையைத் தம் ஏட்டில் பதித்துக்கொள்வார். தம்முடைய முத்திரையைப் பெட்டியிலுள்ள ஏட்டில் பதித்துவிட்டு, எல்லாவற்றையும் பழையபடியே மூடி வைத்துச் செல்வார். பரிசு என்று எதுவும் கிடையாது. முன்பின் அறியாத ஒருவர் வந்து போனதற்கு அடையாளமாக ஏட்டில் ஒரு பதிவு, அவ்வளவே.

1854இல் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, டார்ட்மூரின் வடபகுதியில் எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்தார். அங்கே வரை நடந்து வந்தவர்கள் தம் பெயர் அட்டையை அதில் போட்டுச் சென்றனர். பின்னாளில் முகவரி எழுதிய அஞ்சலட்டைகளைப் போடலாயினர்; அடுத்து வருபவர் அவற்றை எடுத்துச் சென்று தபாலில் சேர்ப்பார். விளையாட்டின் பெயர் வந்த வழி அதுதான். கண்ணாடிக்குப் பின் தகரப் பெட்டி வந்தது. 1937இல் கருங்கல்லாலேயே ஒரு கூடு கட்டிவிட்டார்கள். எதில் வைத்தால் நனையாது என்ற கவலை இந்த விளையாட்டோடு சேர்ந்தே பிறந்தது என்று நினைக்கிறேன்.

கவலைக்குக் காரணம் அந்த நிலத்தின் மழை. மேட்டின் நடுவிலுள்ள பிரின்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் பெய்கிறது. நம் சென்னையில் சுமார் 1400. அளவைவிடப் பெய்யும் விதம்தான் பெரிய வேறுபாடு. நமக்குச் சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிட்டு வானம் வெளுத்துவிடும். அங்கே பன்னிரண்டு மாதமும் தூறல், மூடுபனி, ஈரக்காற்று. நனைந்த பொருள் உலர அவகாசமே இல்லை.

என் தம்பி மகள் அழிரப்பரில் தன் கையாலேயே ஒரு குதிரைக்குட்டியைச் செதுக்கி முத்திரை செய்தாள். வீட்டிலிருந்த காலி ஐஸ்கிரீம் டப்பாவில் அதையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்து, டிசம்பர் விடுமுறையில் தந்தையோடு சென்று ஒரு பாறையடியில் மறைத்தாள். ஏப்ரலில் போய்த் திறந்தபோது டப்பாவில் இரண்டு விரற்கடை தண்ணீர் நின்றது. ஏடு ஊறிக் கூழாகியிருந்தது. யாரோ பதினோரு பேர் அந்தக் குளிரில் வந்து தத்தம் முத்திரையைப் பதித்திருக்கிறார்கள். பதினொன்று என்று எண்ண முடிந்ததே தவிர, ஒரு பெயரையும் படிக்க முடியவில்லை. நீலமும் சிவப்புமாக மை கரைந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

இனி அவள் கேள்விக்கு வருகிறேன். சுடுசோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டு உடனே மூடிவிட்டால், ஆறிய பிறகு மூடி எளிதில் வராது. உள்ளிருக்கும் காற்றும் ஆவியும் குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்வதே அதற்குக் காரணம். டார்ட்மூர் பாறையடியிலும் அதுவே நடந்திருக்கிறது. 20 டிகிரி வெப்பமுள்ள வீட்டில் மூடிய டப்பா, மலையில் இரவு சுழியத்துக்குக் கீழே 3 டிகிரிக்குப் போகும்போது, உள்ளே காற்றின் அழுத்தம் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைகிறது. அந்தக் குறையை ஈடுசெய்ய வெளியிலிருந்து காற்றை இழுக்கும். மூடியின் விளிம்பில் மழைநீர் தேங்கியிருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். பகலில் வெயில் பட்டால் காற்று விரிந்து வெளியேறும். இரவில் மீண்டும் இழுக்கும். இப்படி நாள்தோறும் அந்த டப்பா மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. நான்கு மாதத்தில் இரண்டு விரற்கடை சேர்ந்ததில் வியப்பில்லை. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, பிள்ளை சொன்னது பொய்யன்று. ஆனால் இறுக்கம் வேறு, அடைப்பு வேறு. குக்கர் மூடியில் கேஸ்கட் இல்லாமல் எவ்வளவு திருகினாலும் ஆவி நிற்குமா?

கருத்தளவில் சரி, கண்ணால் பார்த்துவிடுவோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டு அடுக்களையிலேயே சோதனையில் இறங்கினேன். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு மெல்லிய காகிதமும், மிதக்காதிருக்க ஒரு கல்லும் வைத்து மூடி, அரைமணி நேரம் மொட்டைமாடி வெயிலில் காயவிட்டேன். பிறகு ஐஸ்கட்டி போட்ட வாளித் தண்ணீரில் அமிழ்த்தி விடியும்வரை விட்டுவைத்தேன். சூட்டிலிருந்து குளிருக்குச் செல்வதுதான் இதில் உயிர்நாடி. வெறுமனே பச்சைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் சாதாரண டப்பாவும் தேறிவிடும். (மிளகாய்த்தூள் டப்பாவைக் காலி செய்து எடுத்துப் போனதற்காக இல்லத்தரசியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.)

ஐஸ்கிரீம் டப்பாவில் காகிதம் நீச்சலடித்தது. அழுத்தி மூடும் எவர்சில்வர் டப்பாவும் அவ்வாறே. அகலவாய்த் திருகு மூடிக் குப்பியில் காகிதம் காய்ந்திருந்தது. நாற்புறமும் கொக்கி போட்டு மூடும், உள்ளே சிலிகான் கேஸ்கட் வைத்த பிளாஸ்டிக் டப்பாக்கள் இரண்டு வைத்திருந்தேன். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஒன்றில் காகிதம் மொரமொரவென்றிருந்தது. மற்றொன்றில் நனைந்திருந்தது. கேஸ்கட்டைத் தடவிப் பார்த்தால், அதன்மேல் ஒரு நூலிழை படிந்திருக்கிறது! விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அந்த இழை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது.

ஆகவே, சந்தையில் எது மிக உயர்ந்தது என்று விசாரிப்பதோடு வேலை முடிந்துவிடாது. இருந்தாலும் தேர்வு செய்யும்போது சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இவ்விளையாட்டு 1998க்குப் பின் பரவியது. அங்கே பலர் இராணுவத்தார் கழித்துப்போட்ட தோட்டாப் பெட்டியைப் பயன்படுத்துகிறார்கள். கெட்டியான இரும்பு, தடித்த ரப்பர் கேஸ்கட், நெம்புகோல் பூட்டு. நீர்காப்பில் அதை விஞ்சுவது கடினம். டார்ட்மூரில் அது கூடவே கூடாது என்பது என் எண்ணம். அந்நிலத்தின் ஒரு பகுதி இன்றும் இராணுவப் பயிற்சிக் களம். கிரான்மியர் குளமே துப்பாக்கிப் பயிற்சி எல்லைக்குள் இருக்கிறது. இனந்தெரியாத உலோகப் பொருளைத் தொடாதீர்கள் என்று எச்சரிக்கும் இடத்தில் தோட்டாப் பெட்டியை ஒளித்து வைத்தால் காண்பவர் என்ன நினைப்பார்?

கொக்கி டப்பா நல்லதே. ஆனால் அது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. சுழியம் டிகிரியை ஒட்டிய குளிரில் அது விறைத்து உடையும் தன்மை பெறும். வெயில் தொடர்ந்து பட்டாலும் நொய்ந்துபோகும். முதலில் முறிவது கொக்கியின் மடிப்புத்தான். பாலிஎத்திலீனால் ஆன திருகு மூடிக் குப்பி கடுங்குளிரையும் தாங்கும். வட்ட மூடிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: சுற்றிலும் ஒரே சீராக அழுந்தும். சதுர டப்பாவில் மூலைகள்தாம் இளைத்த இடம். ஆதலால் நான் குப்பிக்கே வாக்களித்தேன். கண்ணாடி உடைந்தால் ஆடுமாடுகளின் காலைக் கிழிக்கும். பிஸ்கட் தகரம் பொருத்துவாயில் துருப்பிடிக்கும். இரண்டையும் விட்டுவிடலாம்.

ஏட்டை ஒரு ஜிப் உறையிலும் முத்திரையை வேறொன்றிலும் போட வேண்டும். ஒன்றாகப் போட்டால் முத்திரையின் ஈர மை ஏட்டைக் கெடுக்கும். உறையின் நுனி மூடியிடுக்கில் மாட்டிக்கொண்டால் அதுவே வாய்க்காலாகிவிடும். நல்ல பெட்டிகள் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். மருந்துக் குப்பிகளில் வரும் சிலிகா ஜெல் பொட்டலத்தைப் பலர் போடுகிறார்கள். அது தன் எடையில் மூன்றிலொரு பங்கு அளவுக்குத்தான் ஈரம் உறிஞ்சும். ஐந்து கிராம் பொட்டலம் அரைத் தேக்கரண்டித் தண்ணீருக்குக்கூடக் காணாது. காற்றிலுள்ள ஈரத்துக்கு அது உதவும், ஒழுகலுக்கு உதவாது. பெயர் எழுதப் பென்சில் வைப்பது நலம், நனைந்தாலும் கரையாது.

இடமும் பார்க்க வேண்டும். நிலத்துக்குரியவர் அனுமதி பெற்று, தொல்சின்னங்களையும் பழங்கற்சுவர்களையும் விட்டு விலகி, மண்ணைத் தோண்டாமல் வைக்க வேண்டும். பள்ளத்தில் வைத்தால் தண்ணீர் தேங்கும். இரு கற்களின்மேல் படுக்கையாக வைத்தால் மூடியின்மேல் நீர் நிற்காது, வெயிலும் படாது.

இவற்றையெல்லாம் நான் சொன்னபோது தம்பி மகள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நான் சரியா மூடினாலும், அடுத்து வர்றவங்க மழையில அவசரமா மூடுவாங்களே?" என்றாள். பத்து வயதுப் பிள்ளை! எனக்கு இது தோன்றவே இல்லை. பெட்டி ஒருவருடையது, அதை மூடும் கைகளோ பல. நான்கு மாதத்தில் பதினோரு கைகள்.

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். புதிய குப்பியில் ஒரு சிறு பஞ்சுத் துணியைத் தனி உறையில் வைத்திருக்கிறாள். மூடியின் உட்புறத்தில், அழியாத மையில், ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாளாம்: 'விளிம்பைத் துடைத்த பிறகு மூடுங்கள். போன ஏட்டில் பதினோரு பேரை இழந்துவிட்டேன்.'

குதிரைக்குட்டி முத்திரை மட்டும் பழையதுதான். அழிரப்பருக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகவில்லை.